இங்கு சத்தம் நீக்கித் தரப்படும்

ஓடைப்பாளையத்துத் தறித்தெருவில் ஒருத்தர் இன்னொருத்தருக்கு ரகசியம் சொல்ல வேண்டுமென்றாலும் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே வீட்டுக்கு வீடு விசைத்தறி, விடிந்தால் அடைந்தால் தடக்குதடக்கென்று அதே சத்தம், பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்தச் சத்தத்தில்தான் கண்ணயரும், கரண்டு போய்த் தறி நின்றால் திடுக்கிட்டு விழித்து வீறிட்டு அழும். அப்படிப்பட்ட தெருவில், அதுவும் நல்லமுத்துவின் தறிப்பட்டறைக்கு நேர் மேலே மாடியில், மைக்கு வைத்துக் குரல் பதிவு செய்கிற கடையை ஒரு மனுஷன் திறந்தான் என்றால் அவன் துணிச்சலை மெச்சுவதா, புத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வதா என்று ஊருக்கு விளங்கவில்லை. அவன் பேர் அர்த்தநாரி. கடையும் வீடும் அந்த மாடிதான். முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னறையில் அடுப்பும் கட்டிலும்.

கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், கோயில் கும்பாபிஷேகத்துக்கு அழைப்பு என்று எது வந்தாலும் படத்தை வெட்டி ஒட்டுகிறவன் அர்த்தநாரி, அதற்குக் குரல் கொடுக்கிறவள் அவன் பெண்டாட்டி சுகந்தி. அவள் குரல் இருக்கிறதே, அது விற்காத சரக்கையும் விற்கும். "வாங்க, குடும்பத்தோட வாங்க" என்று அவள் கூப்பிட்டால், கடைக்காரன் கூப்பிடுகிற மாதிரி இருக்காது, அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், போகாவிட்டால் வருத்தப்படுவாளே என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டு, கதவிடுக்கில் பழைய துணியை அடைத்து, என்னென்னவோ செய்து பார்த்தான், தறிச்சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் கால் வழியாக மைக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தான். "பேசறதுக்கு முந்தி சித்தெ நேரம் சும்மா இரு அம்மணி" என்பான். அவள் சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருந்த நேரத்தில் மைக்கில் விழுவது என்ன, வெறும் சத்தம்தானே? அதை மட்டும் மவுசால் கோடிட்டுக் காட்டி, இதுதான் குப்பை, இதன் சாடை எங்கெங்கே தெரிகிறதோ அங்கங்கே எடுத்துவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வான். அது எடுத்துவிடும். குரல் மட்டும் கழுவி வைத்த வெங்கலக் கிண்ணமாக நிற்கும்.

ஆனால் அவள் சும்மா இருந்தால் வெறும் தறிச்சத்தம் மட்டும் விழாது. சுகந்திக்கு இளைப்பு. சின்ன வயசில் அம்மாவோடு உட்கார்ந்து தறிக்கு நூல்தார் சுற்றியவள், பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது, எந்த ஊசிக்கும் மருந்துக்கும் அது காலி செய்யவில்லை. குரல் இத்தனை இனிமை, அதன் பின்னால் மூச்சு கொய்ங்கென்று இழுக்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவில் விழுகிற அந்த மூச்சை அர்த்தநாரி கையாலேயே தேடித்தேடி வெட்டுவான். வெட்டி வெட்டி அவனுக்கு அது அத்துப்படி. முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாலும், இது சுடுதண்ணி குடித்தால் அடங்குகிற இளைப்பு, இது மருந்துப் பம்பை வாயில் வைத்து அடிக்க வேண்டிய இளைப்பு, இது கீழே ஓடி நல்லமுத்து அண்ணனின் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டிய இளைப்பு என்று காது சொல்லிவிடும். அந்தக் காதை நம்பித்தான் அவள் உயிர் அந்த வீட்டில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். "எம்மூச்சுக்குக் காவக்காரரு எங்க மாமா" என்று கீழ்வீட்டில் நல்லமுத்துவின் பெண்டாட்டி பாவாயி அக்காவிடம் பீற்றிக்கொள்வாள்.

கார்த்திகை மாசத்தில் ஒரு மத்தியானம், பாத்திரக்கடை விளம்பரம் ஒன்றுக்காக எப்போதும் போலத் தறிச்சத்தத்தைக் கோடிட்டு எடுத்தான். எடுத்ததும் கீழே பட்டறையிலும் தெரு முழுக்கவும் தறிச்சத்தம் நின்றது. தறி நிற்கவில்லை. நூல் சுமந்த நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறந்துகொண்டுதான் இருந்தது, துணி வளர்ந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. நல்லமுத்து கொஞ்ச நேரம் தறியையே பார்த்துக்கொண்டு நின்றார், காதுக்குள் விரலை விட்டுக் குடைந்து பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"என்ன தம்பி பண்ணுனீங்க?"

"சத்தத்த எடுத்தனுங்கண்ணா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு அன்றைக்குப் தறியில் பாவு நூல் பூட்டுகிற வேலை கிடந்தது.

தறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் முதலில் திண்டாட்டம். இழை அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இப்போது மாறுவதற்குச் சத்தமே இல்லை. கொஞ்ச நாளில் தறிச்சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வில் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். பாவாயி அக்கா பாடு இன்னும் மோசம். கல்யாணமாகி வந்ததிலிருந்து கத்தியே பேசிப் பழகியவள், "சோறு போடட்டுங்களா" என்று புருஷனைக் கேட்டது மூன்றாவது தெருவில் இருக்கிறவர்களுக்கும் கேட்டு, அங்கிருந்து ஒருத்தர் "போடுங்கக்கா" என்று பதில் சொல்லி, அவள் வெட்கத்தில் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டாள். மெதுவாகப் பேசினால் தன் பெண்டாட்டியின் குரல் இப்படி இருக்கும் என்று நல்லமுத்துவுக்கு அப்போதுதான் தெரியும், அதற்காகவே ஏதாவது கேட்டுக்கொண்டு இருந்தார்.

சேதி பரவாமல் இருக்குமா? வெல்டிங் பட்டறைக்கு அடுத்த வீட்டுக்காரர் சம்மட்டிச் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீச்சரம்மா ஏர் ஹாரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். புருஷன் காலையில் பல் துலக்கும்போது காறுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து, "நாலு வீட்டுக்குக் கேக்குதுங்க, பொண்ணு பாக்க வாறவங்க முன்னாடி மானம் போகுது" என்று கண்ணைக் கசக்கினாள். வெறும் சத்தம் மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகவில்லை, கூட ஒரு குரல் இருந்தால்தான் கம்ப்யூட்டர் சத்தத்தைப் பிரித்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் சுகந்தி "வாங்க, குடும்பத்தோட வாங்க" என்று ஒரு வரி பேசிக் கொடுத்தாள். போர்டு எழுதுகிறவர் தானாகவே ஒரு தகரத்தில் "இங்கு சத்தம் நீக்கித் தரப்படும்" என்று எழுதி மாட்டிவிட்டுப் போனார், அவருக்கு வேண்டியதெல்லாம் அவர் வீட்டு மிக்சி வாயை மூடினால் போதும்.

கோமதி என்றொரு மருமகள் மாமியாரின் முணுமுணுப்பை எடுத்துவிடச் சொன்னாள். அங்காத்தாள் என்ற அந்த மாமியார் மார்கழி முழுக்க உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு திரிந்தாள். தை பிறந்ததும் கோமதியே திரும்பி வந்தாள். "வெச்சுருங்கண்ணா. ரசத்துல உப்புப் பத்துலயா, எச்சாப் போச்சான்னு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. ஊடு ஊடாட்டமே இல்ல" என்றாள். அர்த்தநாரி பழைய பதிவை எடுத்து, நீக்கியதை மறுபடி சேர்த்தான். முணுமுணுப்பு திரும்பி வந்தது. ஆனால் விட்ட இடத்திலிருந்து வந்தது. மார்கழி மாசத்து ரசத்துக்குத் தை மாசத்தில் திட்டு விழுந்தது. நீக்கிய சத்தம் அழிந்து போவதில்லை, எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டு இருக்கிறது, கதவைத் திறந்தால் முதலில் நின்றது முதலில் வரும் என்று ஊர் புரிந்துகொண்டது. மார்கழியைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அங்காத்தாள் நடப்புக்கு வந்தாள்.

மாசியில் ஒரு நகைக்கடை முதலாளி விளம்பரத்தைக் கேட்டுவிட்டு, "கொரலு தங்கமாட்ட இருக்குது, ஆனாப் பின்னால பூனையாட்ட என்னமோ கத்துதுங்களே" என்றார். அவர் தெரியாமல்தான் சொன்னார். அதே வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சுகந்தியின் மூச்சைக் கேட்டுவிட்டு, மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கத்து இலைக்கு மாற்றி உட்கார வைத்தாள். அவள் தெரிந்துதான் செய்தாள். சுகந்தி இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"எனக்கும் எடுத்து உட்டுருங்க மாமா" என்றாள்.

"எதை?"

"ஊருல இருக்கறவிய சத்தத்தையெல்லாம் எடுக்கறீங்கல்ல. இந்த எளவுச் சத்தத்தையும் எடுங்க."

"அது எப்புடி அம்மணி, அதக் கேட்டுத்தான நான்..."

"கேட்டுக் கேட்டு என்ன பண்ணுனீங்க? பன்னெண்டு வருசமா நீங்களும் தூங்குல, நானும் தூங்குல. பொம்பளைங்க நாலு பேரு உக்காந்திருக்கற எடத்துல ஒரு நாளாச்சும் மத்தவியளாட்டம் உக்காந்துட்டு வாறேன். ஒரே ஒரு நாளு."

அவள் அழுதால் இளைப்பு கூடும், இளைப்பு கூடினால் அழுகை கூடும், அந்தச் சுற்றை நிறுத்த அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மைக்கைப் போட்டான். "சித்தெ நேரம் சும்மா இரு" என்றான். அவள் சும்மா இருந்தாள். இளைப்பு மட்டும் தனியாக, சுத்தமாக, ஏறி இறங்கிப் பதிவானது. கோடிட்டான். பொத்தானை அமுக்கினான்.

அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை அவர்கள் இரண்டு பேரும் கண்டதில்லை. சுகந்தி நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள், கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்து மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். கண்ணில் படுகிற விசேஷத்துக்கெல்லாம் போனாள். வளைகாப்பா, சீரா, தெரட்டியா, கூப்பிட்டவர்கள் வீடு, கூப்பிடாதவர்கள் வீடு என்று எதையும் விடவில்லை. பந்தியில் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒருத்தியின் பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, பாயசத்தை ஊட்டிவிட்டு வந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

இளைப்பு போகவில்லை, அதன் சத்தம்தான் போனது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, காதில் விழாததை இல்லையென்றே வைத்துக்கொள்ளும். மாசாமாசம் பார்க்கிற டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், "நல்லா சுத்தமாகிடுச்சே" என்று சந்தோஷப்பட்டு மருந்தைப் பாதியாகக் குறைத்தார். பாதியை அவள் தானாகவே கால்வாசி ஆக்கினாள். அர்த்தநாரி என்ன செய்தான் தெரியுமா? தூங்கினான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, படுத்தால் விடிந்துதான் எழுந்தான். கன்னத்தில் சதை வைத்துவிட்டது. "மாப்பிளக் களை வந்துருச்சு தம்பி" என்று நல்லமுத்து கிண்டல் செய்தார். பிற்பாடு அவன் எதையெல்லாம் நினைத்துத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளாத குறையாக அழுதானோ, அதில் முதலாவது அந்தத் தூக்கம்.

பயம் இல்லாமல் இல்லை. வேலை செய்யும்போது அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்ப்பான். "என்னை என்ன இன்னிக்கித்தான் பொண்ணு பாக்க வந்தீங்களா" என்பாள். ஒரு நாள் கேட்டான்: "திருப்பி வெச்சரட்டுமா சுகந்தி?" அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். "ஆடி போகட்டும் மாமா. ஆடித் தள்ளுபடி விளம்பரமெல்லாம் பேசி முடிச்சுப் போடறேன். பொறவு வெச்சுக்கலாம்" என்றாள். சரி என்று விட்டுவிட்டான்.

ஆடி வந்தது. ஆடிக்காற்றும் வந்தது, தெருவெல்லாம் பஞ்சுத் தூசியை வாரி இறைத்தது. விளம்பரத்துக்கு மேல் விளம்பரம். அன்றைக்கு மத்தியானம் ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பேசி முடித்துவிட்டு, அடுத்ததைப் பேச அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் அவள் காத்துக்கொண்டு இருந்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் குரலையே கேட்டு வெட்டிக்கொண்டு இருந்தான். காதுக்குள் அவள், "வாங்க, குடும்பத்தோட வாங்க, ஆடியில ஆசைப்பட்டதெல்லாம் எடுங்க" என்று சிரித்த குரலில் கூப்பிட்டுக்கொண்டு இருந்தாள். திடீரென்று பாதத்தில் ஈரம் பட்டது. தண்ணியைக் கொட்டிவிட்டாள் போலிருக்கிறது, துடைப்பாள் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல், இரண்டு காலையும் தூக்கி நாற்காலிக் கட்டையில் வைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு வரி வெட்டினான். "இது எப்புடி இருக்குது பாரு" என்று ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே திரும்பினான்.

சொம்பு அவன் நாற்காலிக் காலடியில் கிடந்தது. அவளுடைய கை அவனை நோக்கி நீண்டபடி மைக்கு வைத்த மேசைமேல் இருந்தது. வாய் திறந்திருந்தது. நல்லமுத்து வண்டியை எடுத்தார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊரே திரண்டு வந்தது. அவள் குரலில் நகை வாங்கியவர்கள், துணி எடுத்தவர்கள், அவள் குரலைக் கல்யாண வீடியோவில் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வந்து தலைமாட்டில் நின்று அழுதார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு ஆட்டோ, "வாங்க, குடும்பத்தோட வாங்க" என்று ஒலிபெருக்கியில் அவளையே பேசவிட்டுக்கொண்டு திரும்பியது. பாவாயி அக்கா ஓடிப்போய் ஆட்டோக்காரன் வாயிலேயே போடுகிற மாதிரிக் கையை ஓங்கினாள். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது.

காரியம் முடிந்த கையோடு ஜனங்கள் ஒவ்வொருத்தராக மாடியேறி வந்தார்கள். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெல்டிங் பட்டறைக்கு அடுத்த வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "அந்தச் சம்மட்டிச் சத்தத்தத் திருப்பி வெச்சுருங்க தம்பி, போச்சாது, பரவால்ல, கேட்டுக்கறோம்" என்றார். டீச்சரம்மா வந்தார். காறுகிற புருஷனின் பெண்டாட்டி வந்தாள். அவர் துலக்கப் போனால் திரும்பி வருகிறவரை அவளுக்கு ஈரக்குலை நடுங்குகிறதாம். எல்லாருக்கும் திருப்பி வைத்துக் கொடுத்தான். ஓடைப்பாளையத்தில் அந்த ஆவணி முழுக்க ஓடாத பஸ்ஸுக்கு ஹாரன் அடித்தது, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடந்த பட்டறைக்குள் தறிச்சத்தம் கேட்டது, அடுப்பிலேயே இல்லாத குக்கர் விசிலடித்தது. பழைய பாக்கியெல்லாம் தீர்ந்து நடப்புக்கு வருகிறவரை ஜனங்கள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். தகரப் பலகையைப் போர்டுக்காரரே வந்து கழற்றிக்கொண்டு போனார்.

அவன் வீட்டில் மட்டும் சத்தமில்லை. அவள் குரல் கம்ப்யூட்டர் நிறைய இருந்தது, ஆனால் அத்தனையும் அவன் கையால் சுத்தம் செய்தது. எந்த வாக்கியத்துக்கு நடுவிலும் ஒரு மூச்சு இல்லை. பேசுகிறாள், பேசுகிறாள், மூச்சே விடாமல் பேசுகிறாள். உயிரோடு இருந்த ஒருத்தி பேசியதாகவே அது தோன்றவில்லை. அவனுக்கு அவள் மூச்சு வேண்டியிருந்தது. அந்த நாசமாய்ப் போன இளைப்புத்தான் வேண்டியிருந்தது. ஆவணிக் கடைசியில் ஒரு நாள், மாசியில் எடுத்த பதிவைத் திறந்து, நீக்கியதைச் சேர்த்தான்.

கண்ணாடி முன்னாலிருந்து கொய்ங் என்று ஒரு மூச்சு இழுத்து விட்டது.

விட்ட இடத்திலிருந்து வந்தது. மாசி மாசத்து மூச்சு, அவள் அன்றைக்கு எங்கெங்கே போனாளோ அங்கெல்லாம் போனது. அடுப்படிக்குப் போனது, மொட்டை மாடியில் துணி காயப்போட்டது, சாயந்திரமானால் படியிறங்கிப் பாவாயி அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து இளைத்தது. உடம்பு இல்லை, நிழல் இல்லை, இளைப்பு மட்டும். தெருவில் யாரும் ஓடி ஒளியவில்லை. மாடிப்படியில் எதிரே கேட்டால் ஒதுங்கி வழி விட்டார்கள். படியில் அடுக்கியிருந்த நூல் மூட்டைகளை நல்லமுத்து எடுத்து அக்கட்ட போட்டார், ஏறும்போது அதற்குத் தடங்கலாக இருக்கக் கூடாதாம். மண்டபத்துப் பந்தியில் ஒரு இலை காலியாக விட்டார்கள். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கி மாற்றி உட்கார வைத்தாளே, அந்தப் பெண், ஒரு நாள் பக்கத்து இலையில் அந்த மூச்சைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள், பிறகு மடியிலிருந்த பிள்ளையை எடுத்து மெதுவாக அந்தக் காலியிடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். பிள்ளை யாரையோ பார்த்த மாதிரிச் சிரித்தது.

அர்த்தநாரி அதன் பின்னாலேயே நடந்தான். தூங்குவதில்லை. வேலைக்கு ஹெட்போன் மாட்டுவதில்லை. இது சுடுதண்ணி இளைப்பு, இது பம்பு இளைப்பு என்று காது பழையபடி சொன்னது, சொன்னதும் உடம்பு எழுந்து ஓடியது, கையில் டம்ளரோடு யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது. அப்போதெல்லாம் அவள் எத்தனை தடவை அப்படி இளைத்திருக்கிறாள் என்பதை இப்போதுதான் கேட்டான். அவன் கன்னத்தில் சதை வைக்கத் தூங்கிய ராத்திரிகளில் அவள் உட்கார்ந்தே விடிய வைத்திருக்கிறாள், அவனை எழுப்பாமல். ஐயோ, எழுப்பியிருக்கலாமே என்று கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டி அழுதான். ஆனாலும், சொன்னால் பைத்தியம் என்பார்கள், அவன் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தான். மூச்சு இருக்கிறது, வீட்டில் மூச்சு இருக்கிறது.

மார்கழி போனது. பொங்கல் போனது. மாசியில் தொடங்கிய மூச்சு தன் கணக்கில் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று கடந்து ஆடிக்குள் நுழைந்துவிட்டது என்று தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இழுப்பு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. நல்லமுத்து மாடியேறி வந்து நின்றார், உட்காரவில்லை.

"தம்பி, நாஞ் சொல்றனேன்னு நெனைக்காதீங்க. அந்த மத்தியானத்துக்கு முந்தியே மறுக்கா எடுத்துருங்க. அதோட நிக்கட்டும். அவ பாட்டுக்கு மூச்சு உட்டுட்டு இருந்தாள்னு இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் அந்த நேரம் எப்போதும் வராது. அர்த்தநாரி அவள் நாற்காலியைத் துடைத்து நேராக வைத்தான்.

"அவ ஒருக்கா அதத் தனியாப் பட்டாளுங்கண்ணா" என்றான். "மறுக்காவும் தனியா உட முடியாதுங்க."

நல்லமுத்து தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் என்ன சொன்னாரோ, யார் யாரிடம் சொன்னாரோ, அந்த மத்தியானம் வர வேண்டிய நாள் காலையில் அவர் பட்டறையில் தறியைப் போடவில்லை. அடுத்த பட்டறையிலும் போடவில்லை. அதற்கடுத்த பட்டறையிலும். கரண்டு இருந்தது, ஆள் இருந்தார்கள், பாவு பூட்டியிருந்தது, ஆனால் தறித்தெருவில் ஒரு தறி ஓடவில்லை. வெல்டிங்காரர் சம்மட்டியைச் சாக்கில் சுற்றி வைத்தார். பஸ்காரர்கள் ஹாரன் அடிக்காமல் வளைவில் ஆளை இறக்கி விசாரித்துக்கொண்டு திரும்பினார்கள். அங்காத்தாள் வாயில் வெற்றிலையைப் போட்டு அடக்கிக்கொண்டாள். கோமதி அடுப்பே பற்ற வைக்கவில்லை. பிள்ளைகள் வீறிடக் கூடாதென்று தாய்மார்கள் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக உலாத்தினார்கள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் எதையும் எடுக்கவில்லை, சனங்களே ஆளுக்குக் கொஞ்சமாக அவரவர் சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அர்த்தநாரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான். தன் நாற்காலியைத் திருப்பி அவள் நாற்காலிக்கு நேர் எதிரே, முட்டி இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தான். பாவாயி அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

முதலில் லேசாகத்தான் வந்தது, கவனிக்காவிட்டால் விட்டுவிடலாம். பிறகு இழுப்பு நீண்டது. உள்ளே போகிற மூச்சு அடைபட்டு அடைபட்டு நூலாக மெலிந்தது. அவனுக்குக் காது சொன்னது, இது வண்டி எடுக்க வேண்டிய இளைப்பு, எழுந்து ஓடு, ஓடு என்று கத்தியது. ஓடி என்ன செய்ய? இரண்டு கையாலும் அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான், அவள் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில். "மெதுவா அம்மணி. மூக்குல இழு. வாயில உடு. நான் இங்கதான் இருக்கறன். பயப்படாத. மெதுவா" என்று, பன்னிரண்டு வருஷமாக அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னதையெல்லாம் சொன்னான். மூச்சு ஒரு தடவை பலமாக இழுத்தது. விட்டது. இன்னொரு தடவை, அரைகுறையாக. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

தெருவில் யாரும் தும்மக்கூட இல்லை. தறியைப் போட யாருக்கும் கை வரவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து போகிறவரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அக்கா, இந்தத் தடவ நான் பக்கத்துலயே இருந்தனுங்களா?"

பாவாயி அக்கா உள்ளே வந்து, மெதுவாகப் பேசப் பழகிய அந்தக் குரலில் சொன்னாள்:

"இருந்தீங்க கண்ணு. கைய எடுக்கவே இல்ல."